விசாரிக்கப்பட்டவர், நம்பலாம்

1

இந்தக் கதை ஒரு புகார் மனுவாகத்தான் பிறந்தது. முழுத்தாளை இடப்பக்கம் மடித்து, ஓரம் விட்டு, 'அனுப்புநர்', 'பெறுநர்' வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தது. அதற்கப்புறம்தான் கெட்டுப்போனது.

எழுதுகிறவன் பெயர் தௌசீப். காஞ்சிபுரத்தில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. உத்திரமேரூருக்கும் காவாந்தண்டலத்துக்கும் நடுவில் ஓர் ஊரில் அவன் அத்தா அஹமது பாட்சா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். ஊர் பேர் வேண்டாம். ஊரில் பாதிப் பேர் இதைப் படிக்கமாட்டார்கள். மீதிப் பேர் படித்துவிட்டு நேராகக் கடைக்கு வருவார்கள்.

இந்த ஆள் தன்னை 'இவன்' என்று சொல்லிக்கொள்வதை அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மனுவில் 'நான்' என்றால் மனுதாரர். பறிகொடுத்தவருக்குச் சொந்தமான சொல் அது. எழுதிக்கொடுக்கிறவனுக்குத் தாளின் அடியில் ஒரு மூலைதான்: 'எழுதியவர்'. அந்த மூலைக்குப் போய்ச் சேரும்வரை இவன் இவன்தான்.

இவனுடைய எழுத்து முத்து முத்தாக இருக்கும். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, தெருவிளக்கு மாற்ற, மாமியார் பேரில் உள்ள பட்டாவைப் பிரிக்க, எல்லாவற்றுக்கும் ஊர் இவனிடம்தான் வரும். ஒரு டீ, சமயத்தில் ஒரு போண்டா. அதனால்தான் ஆண்டாளம்மாளின் நாலு சவரன் செயின் போனபோதும் இவனைக் கூப்பிட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: 'ஐயா, வணக்கம். எங்கள் ஊர் அமைதியான ஊர் என்பதைத் தாங்கள் —'

அடித்தாயிற்று. காலை ஆறரைக்குப் பால் சொசைட்டி வாசலில் வந்து நின்றால் தெரியும், எங்கள் ஊர் அமைதி. யாருடைய பாலையாவது பார்த்து 'தண்ணி' என்று ஒரு சொல் போதும், கேன் பறக்கும்.

இரண்டாம் தொடக்கம்: '1999 தை மாதம் முதல் எங்கள் ஊரில் தொடர்ந்து நடந்துவந்த திருட்டுகளைத் தடுக்கும் பொருட்டு —'

இதுவும் அடித்தாயிற்று. தொடர்ந்து நடந்தவை: ஒரு சைக்கிள், இரண்டு கோழி. சைக்கிளை அதன் சொந்தக்காரரே உத்திரமேரூர் டீக்கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். கோழிகளைப் பற்றித் தகவல் இல்லை.

மூன்றாம் தொடக்கம்: 'பங்குனி வெயில் களத்தில் வேர்க்கடலையோடு சேர்ந்து காய்ந்துகொண்டிருந்த அந்த முற்பகலில், ஒரு பெண்ணின் கழுத்து —'

ஸ்டேஷனில் யாரும் இதற்கு மேல் படிக்கமாட்டார்கள். நீங்களும்தான். மன்னிக்கவும். கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நையாண்டி எழுதிப் பழகிய கை. நடுவில் இப்படிக் கொஞ்சம் ஆடும்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன் என்று எழுத வந்து, 'சொல்கிறேன்' என்பதிலும் ஒரு நான் ஒளிந்திருப்பதால், உள்ளது சொல்லப்படுகிறது.

3

பால் சொசைட்டித் தலைவர் எல்லப்பன். ஆண்டாளம்மாளின் கணவர். தை மாதம் அவர் குற்றத் தடுப்புக் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்தார். டீ, பிஸ்கட், ஒரு துண்டறிக்கை. திரும்பி வந்த வேகத்தில் ஊருக்கு விழிப்புக் குழு அமைத்துவிட்டார். தலைவர் அவரே. அலுவலகம் பால் சொசைட்டி. எழுத்து வேலை தௌசீப்.

குழு மூன்று காரியம் செய்தது.

முதலாவது போர்டு. எல்லப்பன் வீட்டுக்கு நேரெதிரே, மின்கம்பத்தில். 'விதி 1: அந்நியரை வீட்டுக்குள் விடாதீர். விதி 2: யார் கேட்டாலும் நகையைக் கழற்றித் தராதீர். விதி 3: சந்தேகம் வந்தால் வண்டி எண்ணைக் குறித்துவைக்கவும்.' நாலாவது விதிக்குத் தகரம் போதவில்லை.

இரண்டாவது அட்டை. ஊருக்குள் வியாபாரத்துக்கு வருகிற ஜவுளிக்காரர், பாத்திரக்காரர், உப்புக்காரர் எல்லோரும் முதலில் சொசைட்டிக்கு வந்து வியாபாரி நோட்டில் பேரையும் ஊரையும் பதிய வேண்டும். பிறகு விசாரணை. விசாரணை என்பது எல்லப்பன் கேட்கிற இரண்டு கேள்விகள்: "எந்த ஊரு?" "டீ சாப்பிடறியா?" இரண்டுக்கும் பதில் சொன்னால் மஞ்சள் அட்டை. அதில் தௌசீப்பின் முத்து எழுத்தில்:

'இவர் குழுவால் விசாரிக்கப்பட்டவர். நம்பலாம்.'

குழுவுக்கென்று ரப்பர் ஸ்டாம்ப் இல்லாததால் சொசைட்டி ஸ்டாம்ப் குத்தினார்கள். 'தரம் பார்க்கப்பட்டது.'

(இவன் இதுவரை நாற்பது நையாண்டிக் கட்டுரை, பதினோரு கதை, கணக்கில்லாத மனு எழுதியிருக்கிறான். வாசகர்கள் ஒரு வார்த்தை விடாமல் நம்பிய ஒரே படைப்பு இந்த அட்டைதான்.)

மூன்றாவது ரேகை நோட்டு. இது வியாபாரிகளுக்கு இல்லை. ஏரிக்கரையோரம் பன்னிரண்டு வீடு இருளர் குடியிருப்பு. ஊருக்குள் கடலை உரிக்கவும் களை எடுக்கவும் கொட்டகை கூட்டவும் வருகிறவர்கள் அவர்கள். வரும்போது ஒரு கட்டைவிரல் ரேகை, போகும்போது ஒரு கட்டைவிரல் ரேகை. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டவன் தௌசீப்.

பன்னிரண்டு வீட்டில் ஒருத்தி மட்டும் விரலை மையில் உருட்டவில்லை. செங்கேணி. ஆண்டாளம்மாள் வீட்டில்தான் அவளுக்கு வேலை.

"மையி கீது. உருட்டிட்டு போம்மா," என்றார் எல்லப்பன்.

"இன்னாத்துக்கு?"

"பாதுகாப்புக்கு."

"யாருக்கு?"

"எல்லாருக்குந்தான்."

"அப்ப நீங்க உருட்டினீங்களா தலைவரே?"

பால் ஊற்ற வந்தவர்களில் யாரோ மூக்கால் சிரித்தார். எல்லப்பன் அந்தப் பக்கம் பார்த்ததும் எல்லோரும் கேனைப் பார்த்தார்கள்.

"எனக்கு கையெழுத்து போடத் தெரியும்," என்றாள் செங்கேணி. "அறிவொளி கிளாசுல கத்துக்கினேன். உருட்ட மாட்டேன்."

"இதுல கையெழுத்துக்கு கட்டம் இல்லம்மா."

"கட்டம் போட்டுட்டு கூப்புடுங்க."

போய்விட்டாள். கட்டம் போட்டவன் ஸ்கேலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

4

இங்கே எழுதுகிறவனுக்கு ஒரு சந்தேகம். செங்கேணியை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டானோ? ஏழைப் பெண், தைரியசாலி, நறுக்கென்ற பேச்சு. இப்படி ஒரு ஆளைக் கதையில் கண்டால் இவனே பக்கத்தைப் புரட்டிவிடுவான்.

ஆகையால் நேரிலேயே போய்க் கேட்டான். ஏரிக்கரையில் முள் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"செங்கேணிக்கா, உங்களப் பத்தி ஒன்னு எழுதறேன். உங்க கொறை எதுனா ஒன்னு சொல்லுங்க."

"இன்னாது?"

"கெட்ட குணம். கதைக்கு வேணும்."

கத்தியை நிறுத்திவிட்டு இவனை ஏற இறங்கப் பார்த்தாள். "காலேஜில இதான் சொல்லித் தராங்களா?" கொஞ்சம் யோசித்தாள். "ஆண்டாளம்மா தோட்டத்துல ரெண்டு கத்திரிக்கா எடுத்தேன் தம்பி. கேக்காத எடுத்தேன். எழுதிக்க."

"வேற?"

"எங்க வூட்டுக்காரர போன வாரம் தொடப்பத்தால அடிச்சேன். அது எங்க வூட்டு விசயம், எழுதாத." மறுபடி வெட்ட ஆரம்பித்தாள். "கத்திரிக்கா எடுத்தேன்னு எழுது. செயினை எடுத்தேன்னு எழுதினியோ, இதே கத்தியோட உங்க கடைக்கு வருவேன்."

எழுதப்பட்டது. கத்திரிக்காய் இரண்டு.

5

செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி. எல்லப்பன் வாலாஜாபாத்துக்குப் புண்ணாக்கு வாங்கப் போயிருந்தார். செங்கேணி பின்கட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

பைக்கில் இரண்டு பேர். சட்டையை உள்ளே விட்டிருந்தார்கள். ஒருவன் கழுத்தில் டை. தோல் பை. முதல் காரியமாக மஞ்சள் அட்டையை நீட்டினார்கள். அன்று காலைதான் எல்லப்பன் விசாரித்துக் கொடுத்தது. டீயும் கொடுத்தது.

முதலில் பித்தளைக் குத்துவிளக்கு. சிவப்புப் பொடி போட்டுத் தேய்த்தார்கள். முகம் பார்க்கலாம் போல ஆனது. ஓசி. அடுத்து வெள்ளிக் கொலுசு. அதுவும் ஓசி. மூன்றாவதாக டை கட்டியவன், "அம்மா கழுத்துல இருக்கறது கொஞ்சம் மங்கிப்போச்சே," என்றான்.

மின்கம்பத்தில் விதி 2 வெயிலில் பளபளத்தது. ஆண்டாளம்மாள் செயினைக் கழற்றினாள்.

குக்கரில் தண்ணீர், மஞ்சள்தூள். செயினை உள்ளே விட்டான், கையால் ஒரு கலக்குக் கலக்கினான், மூடினான். "மூணு விசில் வரட்டும்மா. நடுவுல தெறந்தா பாலீஷ் புடிக்காது. நாங்க அடுத்த தெரு முடிச்சிட்டு வந்து நாங்களே எடுத்துத் தர்றோம்."

பின்கட்டுக் கதவிலிருந்து செங்கேணி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கலக்கிய கை குக்கரிலிருந்து நேராகப் பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது. பாக்கெட் ஓரம் மஞ்சள் கறை.

"அம்மா! குக்கரைத் தெறந்து பாருங்கம்மா! அவன் கை சரியில்ல!"

இருவரும் பதறவில்லை. அட்டையை இன்னொரு முறை எடுத்துக் காட்டினார்கள். ஆண்டாளம்மாள் அதைப் பார்த்தாள். பிறகு செங்கேணியைப் பார்த்தாள்.

"அவங்க கைல கார்டு கீது. ஒன் கைல இன்னா கீது?"

செங்கேணி கையில் கடலைத் தோல் இருந்தது.

(இந்த இடத்தில் எழுதுகிறவன் பேனாவை மூடிவைத்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்க எழுதவில்லை. கார்டில் இருந்தது யாருடைய எழுத்து என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இவனுக்கும் இருந்தது.)

பைக் கிளம்பியது. செங்கேணி வாசலுக்கு ஓடினாள். பின்னால் துரத்தவில்லை. எண்ணை மட்டும் பார்த்தாள், வாய்க்குள் சொல்லிக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்குப் போய் அடுப்புக்கரியால் சுவரில் பெரிதாக எழுதினாள். நாலு எண்ணும், முன்னால் உள்ள எழுத்தும். ஊரில் போர்டு வைத்து மூன்று மாதத்தில் விதி 3-ஐக் கடைப்பிடித்த முதல் ஆள். இன்றுவரை ஒரே ஆள்.

மூன்று விசில் வந்தது. குக்கருக்குள் மஞ்சள் தண்ணீர் நன்றாகக் கொதித்திருந்தது.

6

மறுநாள் காலை சொசைட்டியில் எல்லப்பன் இவனைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் ஒரே நாளில் வற்றிப்போயிருந்தது.

"எழுதிக்க தம்பி. அடையாளம் தெரியாத ரெண்டு பேரு வந்தாங்க."

"அடையாளம் வியாபாரி நோட்டுல இருக்கு தலைவரே. நீங்கதான் பதிஞ்சீங்க."

"பொய்ப் பேரா கீதுபா அதெல்லாம். நோட்டு வேணாம். கார்டும் வேணாம். அடையாளம் தெரியாத ரெண்டு பேரு. வூட்டு வேலைக்காரி அப்போ அங்கியே இருந்தா. அவங்களுக்கு உள்ளிருந்து தகவல் குடுத்தா போலக் கீது. அவங்க போனதும் செவுத்துல எதையோ கிறுக்கினா. அப்படின்னு எழுதி, சந்தேகப்படும் நபர்னு போட்டு, செங்கேணி."

"கிறுக்கல தலைவரே, அது வண்டி நெம்பர். நம்ம மூணாவது விதி."

"விதி ஊருக்குபா. அவளுக்கா?"

எல்லப்பன் குரலை இறக்கினார்.

"கார்டுன்னு வெளிய வந்தா என் மானம் போவும், சரி. எழுதினது யாருன்னு கேப்பாங்களே. உன்னியும் சேத்துத்தாண்டா காப்பாத்தறேன். உங்க கடை கூட என் எடத்துலதான் கீது. பாட்சா பாய் நல்ல மனுசன். அவரை ஏன் பேஜார்ல வுடணும்?"

'சந்தேகப்படும் நபர்' என்ற இடத்தில் ஒரு பேர் எழுதினால் என்ன ஆகும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். விசாரிப்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள், அவ்வளவுதானே? செங்கேணியின் வீட்டுக்காரர் முருகேசனைக் கேளுங்கள். போன வருஷம் ஒருவருடைய கிணற்று மோட்டார் காணோம் என்று மனு போனது. எழுதியவன் இவன்தான். சந்தேகப்படும் நபர் என்ற இடத்தில், சொன்னபடி, 'ஏரிக்கரையில் வசிக்கும் முருகேசன்' என்று முத்து முத்தாக எழுதினான். மோட்டாரைக் கிணற்றுக்காரருடைய மாப்பிள்ளையே, எரிந்துபோன கம்பிச்சுருளை மாற்றிக் கட்ட, வாலாஜாபாத்துக்குக் கொண்டுபோயிருந்தார். சொல்ல மறந்துவிட்டார். அவருக்கு ஞாபகம் வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் முருகேசன் வீட்டில் இல்லை. திரும்பி வந்தபிறகு அவரால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை.

அந்த மனுவுக்கு இவன் ஒரு டீயும் போண்டாவும் சாப்பிட்டான்.

எல்லப்பன் கொட்டகைச் சுவருக்கு அன்றைக்கே சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். ஒரு பூச்சு அடித்தார்கள். காய்ந்ததும் கரி எண் நாலும் பழையபடி எட்டிப் பார்த்தது.

7

மூன்று முடிவு கைவசம் இருந்தது.

அ. குழு கேட்ட முடிவு. மேலே சொன்னதுதான். ஊருக்கு வசதியானது, யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூசவேண்டியதில்லை, ஏரிக்கரையில் பன்னிரண்டு வீட்டைத் தவிர.

ஆ. சினிமா முடிவு. பழையசீவரம் பக்கம் பாலாற்று மணலில் பைக் புதைகிறது. தௌசீப் சைக்கிளில் துரத்திப் போய் டையைப் பிடித்து இழுக்கிறான். டை கையோடு வந்துவிடுகிறது, ஏனென்றால் அது எலாஸ்டிக் டை. இந்த முடிவை எழுதும்போது இவனுக்கே சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் கிழித்துப்போட்டான்.

இ. 'இதனால் நாம் அறிவது யாதெனில் —'

இல்லை.

வீட்டில் அத்தாவிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் வளையல் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். "கடை போனா வேற எடம் பாக்கலாம்," என்றார். பிறகு, "ஆனா சீக்கிரமா சொல்லுடா, இந்த ரேக்கு ரொம்ப வெயிட்டு," என்றார்.

8

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு, சொசைட்டி வாசலில், தௌசீப் புது மனுவைப் படித்தான். ஆண்டாளம்மாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செங்கேணி நின்றிருந்தாள். பால் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போகாத ஒரு பத்துப் பேர், கேனோடு.

மனுவில் அட்டை இருந்தது. நோட்டுப் பக்கம் இருந்தது. டீ இருந்தது. வண்டி எண் இருந்தது. மஞ்சள் கறை இருந்தது. 'சந்தேகப்படும் நபர்கள்: மேற்படி எண் வண்டியில் வந்த இருவர்.' அதன் கீழே, 'நேரில் பார்த்த சாட்சி: செங்கேணி, க/பெ முருகேசன்.'

"சாட்சியா?" என்றார் எல்லப்பன். "இவளா?"

"'அம்மா தெறந்து பாருங்க'ன்னு நான் சொன்னது வரல தம்பி," என்றாள் செங்கேணி. "அதையும் போடு."

"போட்டா அம்மாவுக்கு…" என்று இழுத்தான் இவன்.

"அம்மாவுக்கு கஷ்டமாத்தான் இருக்கும். நடந்துதா இல்லியா?"

இவன் போட்டான்.

எல்லப்பன் மனைவி பக்கம் திரும்பினார். "இதுல நீ கையெழுத்து போட்டா நான் இந்த ஊர்ல எப்படி தலை காட்டுவேன்? யாரு என்னை நம்புவான்?"

"அதுக்கு இன்னா தலைவரே," என்றாள் செங்கேணி. "தம்பிய ஒரு கார்டு எழுதித் தரச் சொல்லுங்க. விசாரிக்கப்பட்டவர், நம்பலாம்னு. சட்டையில குத்திக்கினு போங்க."

இந்த முறை பால்காரர்கள் மூக்கால் சிரிக்கவில்லை. வாயால் சிரித்தார்கள். ஒருவர் கேனே சாய்ந்தது.

செங்கேணி பேனாவை வாங்கினாள். சாட்சி என்ற இடத்தில், ரேகை நோட்டில் இல்லாத அந்தக் கட்டத்தில், ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, செங்கேணி என்று போட்டாள். தாளைத் தூரத்தில் பிடித்து ஒருதரம் பார்த்தாள்.

அடுத்து மூலை. எழுதியவர்: தௌசீப், த/பெ அஹமது பாட்சா. அதன் கீழே இடம் கொஞ்சம்தான் இருந்தது. நெருக்கி எழுதினான்: 'மேற்படி அட்டைகளை எழுதியவனும் நானே. சென்ற ஆண்டு முருகேசன் பெயரை எழுதியவனும் நானே.'

மிச்சம் ஓர் இடம். மனுதாரர் கையெழுத்து.

ஆண்டாளம்மாள் பேனாவைக் கையில் வாங்கினாள். இன்னொரு கை வெறும் கழுத்துக்குப் போனது. அங்கே தடவ ஒன்றும் இல்லாததால் திரும்பி மடிக்கு வந்தது. அவள் செங்கேணியை நிமிர்ந்து பார்த்தாள். செவ்வாய்க்கிழமை பார்த்த அதே பார்வைதானா என்று இவனால் —

உத்திரமேரூர் பஸ் வந்துவிட்டது.

"போட்டா போடட்டும், போடாங்காட்டி போவட்டும்," என்றாள் செங்கேணி, தாளை உருவி எடுத்துக்கொண்டே. "பாத்தவ நானு. நான் போறேன்." புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். நடுவாந்திரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கையை வைத்துக்கொண்டாள். அது யாருக்காகப் பிடித்துவைத்த இடம் என்று சொல்லவில்லை. இவன் அதில் உட்காரப்போனபோது, "பின்னாடி போ தம்பி," என்றாள்.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். கடைசி சீட்டில் இருக்கிறவனுக்குப் பின்கண்ணாடி வழியாகப் புழுதிதான் தெரிகிறது. பேனா இன்னும் ஆண்டாளம்மாள் கையில்தான் இருக்கிறது. பஸ் இன்னும் வேகம் எடுக்கவில்லை. கை காட்டினால் இந்த டிரைவர் நிறுத்துவார்.

வாசலில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள் என்று எழுதினானே, சரியாக எண்ணிப் பாருங்கள். பதினோரு பேர். இவ்வளவு நேரம் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள்தான். பெஞ்சிலிருந்து யாராவது எழுந்தார்களா என்று அங்கிருந்துதான் தெரியும்.

உங்களையும் யாரும் விசாரிக்கவில்லை. நம்பித்தான் விட்டுவிட்டுப் போகிறோம்.